கேமரா கேள்வி – பதில்: ஃபிலிமிலிருந்து டிஜிட்டலுக்கு

கேள்வி: முப்பது வருடத்துக்கு மேலாக நிக்கான் எஃப்எம்2-வில் ஃபிலிம் போட்டுத்தான் எடுக்கிறேன். 28, 50, 105 எம்எம் என்று மூன்று ஏஐ-எஸ் (கையால் ஃபோகஸ் செய்யும் பழைய நிக்கான்) லென்ஸ்கள் இருக்கின்றன. எடுப்பது பெரும்பாலும் நம் பக்கத்துப் பழைய வீடுகள். டிஜிட்டலுக்கு மாறினால் இந்த லென்ஸ்கள் உதவுமா? எந்த பாடி வாங்கலாம்?
– வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாக உதவும். லென்ஸ்தான் சொத்து, அதற்கு ஏற்ற பாடியைத் தேடுங்கள். கடையில் முதலில் சொல்லும் மெகாபிக்சல் கணக்கைக் கடைசியில் பார்த்தால் போதும். 24 மெகாபிக்சல் இருந்தால் 12-க்கு 18 அங்குல பிரிண்ட் துல்லியமாக வரும்.

முதலில் பார்க்க வேண்டியது சென்சார் அளவு. விலை குறைந்த பாடிகளில் இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் ஃபிலிம் ஃப்ரேமைவிடச் சிறியது. அதில் உங்கள் 28 எம்எம் லென்ஸ், 42 எம்எம் லென்ஸ் அளவுக்குத்தான் பார்க்கும். பட்டாலை (கூடம்) சுவரோடு முதுகை ஒட்டி நின்றாலும் வளவின் (முற்றத்தைச் சுற்றிய கட்டின்) தூண் வரிசை முழுதாக அடங்காது. வீடு எடுக்கிறவருக்கு ஃபிலிம் ஃப்ரேம் அளவே உள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சார்தான் சரி.

அடுத்தது மீட்டர். நிக்கானின் டி3000, டி5000 வரிசை டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி வைத்த டிஜிட்டல் கேமரா) பாடிகளில் உங்கள் லென்ஸ் மாட்டும், படமும் விழும். லைட் மீட்டர் மட்டும் வேலை செய்யாது. லென்ஸின் அபர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையம் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாடிக்குத் தெரிவிக்கும் சின்ன நாக்கு அவற்றின் மவுண்ட் ஓரத்தில் இல்லை. டி7200-ல் அது உண்டு, பின்னால் வந்த டி7500-ல் எடுத்துவிட்டார்கள். புது மாடல்தானே என்று நம்பி வாங்கி ஏமாறுவது இங்கேதான். ஃபுல் ஃப்ரேமில் டி610, டி750, டி810, டி850 நான்கிலும் உண்டு. மெனுவில் ‘நான்-சிபியு லென்ஸ் டேட்டா’வுக்குப் போய் ஒவ்வொரு லென்ஸின் ஃபோகல் லெங்த்தையும் மிகப் பெரிய அபர்ச்சரையும் பதிந்துவிடுங்கள்.

ஆனாலும் கையால் ஃபோகஸ் செய்கிறவருக்கு எங்கள் ஓட்டு, அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கே. எஃப்எம்2 வ்யூஃபைண்டரின் நடுவில் ஃபோகஸ் சரியா என்று காட்டும் ஸ்ப்ளிட் இமேஜ் வட்டம் டிஎஸ்எல்ஆர் திரைகளில் கிடையாது. ஓரத்தில் எரியும் பச்சைப் புள்ளியை நம்ப வேண்டியதுதான். மிரர்லெஸ்ஸில் ஒரு பட்டனை அழுத்தினால் வ்யூஃபைண்டரிலேயே படம் பெரிதாகும், தூணின் செதுக்கலில் ஃபோகஸை உட்கார வைக்கலாம். நிக்கான் இசட்5, அல்லது எஃப்எம்2-வின் சாயலிலேயே 2023-ல் வந்த இசட்எஃப், இவற்றோடு, பழைய லென்ஸை இசட் பாடியில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டர் வாங்கினால் போதும். அதில் இந்த லென்ஸ்கள் வைத்த அபர்ச்சரிலேயே மூடி நிற்கும். அதனால் முதலில் முழுக்கத் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு எஃப்/8-க்குத் திருப்புங்கள். பேட்டரி டிஎஸ்எல்ஆர் அளவுக்குத் தாங்காது, உதிரியாக இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிஜிட்டலில் வளவை எடுத்தால் வானமும் முற்றமும் வெள்ளையாகப் போய்விடுகின்றன. ஃபிலிமில் இப்படி ஆனதில்லையே?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும். சென்சார் அப்படியல்ல, நிரம்பிவிட்டால் அந்த இடத்தில் பிறகு மீட்க எதுவும் மிஞ்சாது. ‘நிழலுக்கு எக்ஸ்போஸ் செய்’ என்று நெகட்டிவில் பழகியதை மறந்து, ஸ்லைடு ஃபிலிம் போட்டிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 100, ரா ஃபைல் (சென்சார் பதிந்ததை அப்படியே வைப்பது), ஹைலைட் எச்சரிக்கை (வெள்ளையாகப் போன இடத்தைத் திரையில் சிமிட்டிக் காட்டுவது) ஆன். முற்றத்தில் சிமிட்டல் நிற்கும்வரை எக்ஸ்போஷரைக் குறையுங்கள். திரையில் பட்டாலை இருட்டாகத் தெரியும், பயப்பட வேண்டாம். ரா ஃபைலில் நிழலை இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) தூக்கலாம். அதுவும் போதாவிட்டால் ட்ரைபாட்டில் வைத்து, அபர்ச்சரை மாற்றாமல், ஷட்டரை மட்டும் மாற்றி இரண்டு ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் எடுத்து ஒன்றாக்குங்கள். வெயில் நேராக முற்றத்தில் இறங்குவதற்கு முன்பு எடுத்தால் இந்தப் பாடெல்லாம் பாதி குறையும்.

ஆத்தங்குடித் தரைக் கல்லின் சிவப்பு இன்னொரு பொறி. பிரகாச ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவுகளைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருக்கும்போதே சிவப்புச் சானல் மட்டும் வழிந்து, பூ வேலை முழுவதும் ஒரே திட்டாக அப்பிக்கொள்ளும். மூன்று நிற ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். உள்ளே எரியும் மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். முற்றத்து வெளிச்சத்தோடு அது கலந்தால் ஒரே தரை இரண்டு நிறமாகத் தெரியும்.

முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சின் பளபளப்பைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் போடலாம். ஃபிலிம் காலத்து லீனியர் போலரைசர் மிரர்லெஸ்ஸில் பிரச்சினை தராது. டிஎஸ்எல்ஆரில் மீட்டரையும் ஆட்டோஃபோகஸையும் குழப்பும், அங்கே சர்க்குலர்தான் வேண்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பவை கேனன் எஃப்டி லென்ஸ்கள். செகண்ட் ஹேண்ட் கேனன் டிஎஸ்எல்ஆர் வாங்கலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: வேண்டாம். எஃப்டி லென்ஸ் ஃபிலிமிலிருந்து 42 எம்எம் தள்ளி நிற்க வேண்டியது. கேனன் டிஎஸ்எல்ஆரின் ஈஎஃப் மவுண்ட்டுக்கு அந்தத் தூரம் 44 எம்எம். உள்ளே லென்ஸ் கண்ணாடி இல்லாத அடாப்டர் போட்டால் தூரத்தில் உள்ளது ஃபோகஸ் ஆகாது. லென்ஸ் கண்ணாடி உள்ள அடாப்டர் படத்தின் கூர்மையைக் கெடுக்கும். எந்த கம்பெனி மிரர்லெஸ்ஸிலும் சாதாரண அடாப்டரே போதும்.

கேள்வி: பழைய ஃபிளாஷை டிஜிட்டல் பாடியில் மாட்டலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அளந்து பார்க்காமல் மாட்டாதீர்கள். பழைய ஃபிளாஷ்கள் சிலவற்றின் ட்ரிக்கர் வோல்டேஜ் 200-ஐத் தாண்டும், பாடியின் சர்க்யூட் போய்விடலாம். புது பேட்டரி போட்டு, ரெடி லைட் எரிந்த பிறகு, மல்டிமீட்டரை டிசி-யில் வைத்து ஃபிளாஷின் அடியில் நடுப் பின்னையும் ஓரத் தகட்டையும் தொடுங்கள். 24 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் காட்டினால் கேமரா கையேட்டில் எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லை என்றால் மாட்ட வேண்டாம். லென்ஸ் வழியே ஃபிளாஷ் வெளிச்சத்தை அளக்கும் டிடிஎல் வேலை செய்யாது. ஃபிளாஷின் முகத்தில் சென்சார் உள்ள ஆட்டோ மோடு இருந்தால், அதே ஐஎஸ்ஓ-வையும் அபர்ச்சரையும் கேமராவில் வைத்துப் பழையபடியே எடுக்கலாம்.