6.4 சிஜிபிஏ வைத்துக்கொண்டு வேலை கிடைக்குமா?

பி.இ. கடைசி வருடம், சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி, பத்துக்கு) 6.4, கம்பெனிகள் மதிப்பெண்ணை எவ்வளவு பார்க்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேம்பஸ் இன்டர்வியூவில் மதிப்பெண் ஒரு வாசல்படி, அவ்வளவுதான். டிசிஎஸ் போன்ற பெரிய ஐடி நிறுவனங்கள் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் அல்லது 6 சிஜிபிஏ கேட்பது வழக்கம். குவியும் விண்ணப்பங்களை வடிகட்ட அவர்களுக்கு அதுதான் சுலபமான வழி. பள்ளி மதிப்பெண்ணும் 60-க்கு மேல் இருந்தால் படியைத் தாண்டிவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஆன்லைன் தேர்வு, கோடிங், நேர்காணல். அங்கே நன்றாகச் செய்தால் 9 சிஜிபிஏ வைத்திருப்பவரையும் முந்தலாம். எனக்கு உங்கள் 6.4-ஐவிட அரியர், அதாவது இன்னும் தேறாத பாடம் பற்றித்தான் கவலை. நிலுவையில் ஏதாவது இருந்தால் முதலில் அதை முடியுங்கள்; பல கம்பெனிகளில் ஒரே ஒரு அரியர் இருந்தாலும் பெயர் கொடுக்க முடியாது.

மதிப்பெண்ணுக்கு இருக்கும் மதிப்பு இடத்துக்கு இடம் மாறும். மென்பொருள் நிறுவனமான ஸோகோ தன் பயிற்சிப் பள்ளியில் டிகிரியே இல்லாதவர்களைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு எடுக்கிறது. மறுபக்கம், பொறியியல் பட்டதாரிகள் எழுதும் கேட் (GATE) தேர்வு வழியாக ஆள் எடுக்கும் பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் டிகிரியில் 60 அல்லது 65 சதவீதம் எதிர்பார்க்கும். யுபிஎஸ்சி குடிமைப் பணிக்கோ டிகிரி தேறியிருந்தால் போதும். அஞ்சல் துறையின் கிராமிய டாக் சேவக் பணி இதற்கு நேர் எதிர்: எழுத்துத் தேர்வே கிடையாது, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே பட்டியல் போடுகிறார்கள்.

நேர்காணலில் "ஏன் குறைவு?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கையோடு நீங்களே செய்த ஒரு புராஜெக்டைக் காட்டுங்கள். அதில் வரிக்கு வரி கேள்வி கேட்டாலும் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.