நெல் தோகையில் கடுகளவுப் புள்ளி

கேள்வி: பிபிடி 5204 நட்டிருந்த என் வயலில் குலை நோய் கண்டு, தோகைகளில் கண் வடிவப் புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பயிர் கருகிவிட்டது. வரப்புக்கு அந்தப் பக்கம் வேறு ரகம் நட்ட பங்காளியின் வயலிலோ, கடுகளவுப் பழுப்புப் புள்ளிகளோடு நோய் நின்றுவிட்டது. செடிக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டா? அவரிடம் விதை வாங்கி விதைத்தால் போதுமா?
– கும்பகோணம் வட்டத்து வாசகர்

பதில்: உண்டு. ஆனால் நம் இரத்தத்தில் சுற்றிவரும் வெள்ளணுக்களைப் போன்ற காவல் படை செடிக்கு இல்லாததால், ஒவ்வொரு உயிரணுவும் தன்னைத் தானே காத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பங்காளியின் வயலில் நீங்கள் கண்ட கடுகளவுப் புள்ளி, அந்தக் காவல் பலித்ததன் அடையாளம்.

ஈரம் காயாத தோகையில் விழும் பூசண வித்து, முளைத்து, குமிழ் போன்ற ஓர் உறுப்பை உண்டாக்கிக்கொள்கிறது. அதனுள் அழுத்தம் 80 வளிமண்டல அளவு வரை ஏறக்கூடும். கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ 40 மடங்கு. அந்த விசையோடு நுண்ணிய முளை ஒன்று தோகைக்குள் இறங்குகிறது. இதற்கு முதல் தடை, தோகையின் மெழுகுப் பூச்சும் மேல்தோலில் படிந்த சிலிக்காவும்தான். களையெடுக்கும்போது தோகை கையை அறுப்பதும், உமிச் சாம்பலில் பெரும்பகுதியாக எஞ்சுவதும் இதே சிலிக்காதான்.

அதையும் கடந்து பூசணம் உள்ளே வந்தால், அதன் சுவரில் உள்ள கைட்டின் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இறால், நண்டு ஓட்டில் உள்ள இந்தப் பொருள் நெல்லில் கிடையாது. ஆகவே அதன் துணுக்கு தட்டுப்பட்டதுமே உயிரணு விழித்துக்கொண்டு, கைட்டினைச் சிதைக்கும் நொதிகளையும் பூசணத்தை முடக்கும் வேதிப்பொருள்களையும் சுரக்கிறது. பூசணமும் சும்மா இருப்பதில்லை. இந்த விழிப்பை அமுக்கும் புரதங்களை உயிரணுவுக்குள் அனுப்புகிறது. அவற்றில் ஒன்றையேனும் இனங்காணும் மரபணு எந்த ரகத்தில் இருக்கிறதோ, அதில் தாக்குண்ட உயிரணுவும் அதன் அண்டை உயிரணுக்களும் தாமாகவே மடிந்துவிட, உயிருள்ள திசுவில் காலூன்ற வேண்டிய பூசணம் அந்தப் பழுப்புப் புள்ளிக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. இதற்கு நேர்மாறாக, கோயம்புத்தூரில் உருவான கோ 39 ரகம் இந்நோய்க்கு மிக எளிதில் ஆட்படுவதால், அதை ஒப்பீட்டுக்கென்றே ஆய்வுகளில் வளர்க்கிறார்கள். அதுவும் ஒரு பயன்தான்.

எவ்வளவு யூரியா இட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. தழைச்சத்து மிகுந்தால், பார்க்கக் கரும்பச்சையாகச் செழித்திருக்கும் தோகையில் சிலிக்கா குறைந்து, பூசணம் இறங்குவது எளிதாகிவிடும்.

பங்காளியிடம் விதை வாங்கலாம். அது மட்டும் போதாது. பூசணம் தன் புரதத்தைச் சிறிது மாற்றிக்கொண்டாலே அந்த மரபணுவுக்கு ஆள் அடையாளம் தெரியாமல் போய்விடும். எதிர்ப்பு ரகம் என்று பெயர் பெற்றவை சில ஆண்டுகளிலேயே நோய்க்கு இடம் கொடுப்பது இதனால்தான். ஆகவே கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள். வேரில் குடியேறும் இந்த நன்மை செய்யும் பாக்டீரியா, நோய் வருமுன்பே செடியின் காவலைத் தயார் நிலையில் வைக்கும். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இடுங்கள்; தோகையில் புள்ளி கண்டால், அது அடங்கும் வரை மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள்.