போமலினில் போட்ட துண்டில் வைரஸ் தெரியுமா?

நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லக் குதிரைகள் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: ஒரு பெட்டைக்கு ஒன்பதாம் மாதத்தில் குட்டி தவறிவிட்டது. ஈரலிலும் நுரையீரலிலும் துண்டு வெட்டி, அழுகாமல் காக்கும் திரவமான போமலினில் போட்டுவிட்டு, குட்டியைப் புதைத்துவிட்டோம். குதிரைகளில் குட்டி தவறவைக்கும் ஹெர்பிஸ் வைரஸா என்று இனிக் கண்டுபிடிக்கலாமா? தாயின் இரத்தம் போதாதா? இன்னொரு பெட்டை ஏழு மாதச் சினை.

கண்டுபிடிக்கலாம், ஆனால் பாதி வழிதான் திறந்திருக்கிறது. போமலின் வைரஸைக் கொன்றுவிடும். அதனால் ஆய்வுகூடத்தில் கலங்களில் வளர்த்துப் பார்க்க முடியாது. வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்யலாம், ஆனால் நாட்கள் போகப் போக வைரஸின் மரபணு துண்டு துண்டாகிவிடும். ஆகவே போத்தலை அலுமாரியில் வைத்திருக்காமல் உடனே அனுப்புங்கள்.

உங்கள் துண்டுகளில் நன்றாகத் தெரியக்கூடியது வேறு. ஈரலை மெல்லிய சீவலாக வெட்டிச் சாயமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்த்தால், ஹெர்பிஸ் என்றால் கலங்கள் செத்துப்போன சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கும். திட்டின் ஓரத்துக் கலங்களில், கலக்கருவுக்குள் இளஞ்சிவப்பாக ஒரு கட்டி, அதைச் சுற்றி வெளிறிய வளையம். இப்படித் தவறிய குட்டியில் இது தெரிந்தால் முதலாம் வகைக் குதிரை ஹெர்பிஸ் வைரஸ் என்ற சந்தேகம் மிக வலுவாகும். உறுதிப்படுத்த, அந்த வைரஸை மட்டும் பிடிக்கும் பிறபொருளெதிரியை (கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) அதே சீவலில் இட்டுப் பார்ப்பார்கள். வைரஸ் உள்ள இடம் பழுப்பாகத் தெரியும்.

தாயின் இரத்தத்தை நான் அவ்வளவு நம்பமாட்டேன். தொற்று சில வாரங்களுக்கு, சிலவேளை மாதங்களுக்கு முன்பே வந்திருக்கும். குட்டி தவறும்போது தாயின் இரத்தத்தில் பிறபொருளெதிரி ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும். இரண்டு மூன்று வாரம் விட்டு இரண்டாம் முறை இரத்தம் எடுத்தாலும், புதிய தொற்றுக்கு அடையாளமாக எதிர்பார்க்கும் நாலு மடங்கு ஏற்றம் தெரியாமல் போகலாம். அதோடு, ஒருமுறை தொற்றிய குதிரையின் நிணநீர்க் கணுக்களிலும் நரம்பு முடிச்சுகளிலும் இந்த வைரஸ் ஆயுள் முழுக்க ஒளிந்து கிடக்கும். வளர்ந்த குதிரையின் இழையத்தில் பிசிஆர் ‘பொசிட்டிவ்’ என்றால் அதுதான் நோய்க்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. குட்டியின் ஈரலிலோ நுரையீரலிலோ ‘பொசிட்டிவ்’ என்றால் கதையே வேறு.

சரி, மற்றப் பெட்டைக்கும் இப்படி நடந்தால்? எல்லாவற்றையும் இரண்டு பங்காக எடுங்கள். நுரையீரல், ஈரல், மண்ணீரல், நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி, நச்சுக்கொடி. ஒரு பங்கு பச்சையாக, தனித்தனிப் பையில், ரெஜிபோம் பெட்டியில் ஐஸோடு. மீன் வாடி இருக்கும் ஊரில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. மற்றப் பங்கு ஒரு சென்ரிமீற்றரை விடத் தடிக்காத துண்டுகளாக, பத்து மடங்கு போமலினில். கடையில் வாங்கும் போமலின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர். வாய் அகன்ற போத்தலாக இருக்கட்டும். இறுகிய துண்டு ஒடுங்கிய வாயால் வெளியே வராது. இந்தப் போத்தலை உறையவைக்க வேண்டாம்.

நச்சுக்கொடியை மறந்துவிடாதீர்கள், சில குட்டிகளில் வைரஸ் அதில் மட்டும்தான் அகப்படும். மாட்டின் இளங்கொடியைப் பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவது போல இதைத் தொங்கவிடவும் வேண்டாம்: அதிலும் குட்டியிலும் வழிந்த நீரிலும் வைரஸ் நிறைந்திருக்கும். இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றாது. ஆனாலும் கையுறை போடுங்கள், ஏனென்றால் குட்டி தவறுவதற்கு எலிக்காய்ச்சல் கிருமியும் காரணமாகலாம், அது நமக்கும் வரும்.

மாதிரிகளை உங்கள் பிரிவு அரச கால்நடை வைத்தியர் மூலம் அனுப்புங்கள். கன்னொறுவையில் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது. எந்தச் சோதனைக்கு எந்த மாதிரி வேண்டும் என்று முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு வாகனம் பிடியுங்கள். ஹபரணை, மாத்தளை வழியாகக் கண்டி போய்ச் சேர்வதற்குள் ஐஸ் கரைந்தால் பச்சைத் துண்டு அழுகிவிடும்.

முடிவு வரும்வரை குட்டி தவறிய பெட்டையைத் தனியே கட்டுங்கள். வாளி, கயிறு, தூரிகை எதுவும் பொதுவாக வேண்டாம். சினைப் பெட்டைக்குத் தீனி, தண்ணீர் முதலில், மற்றதற்குப் பிறகு. கடைசியாக நோய் கண்ட நாளிலிருந்து 28 நாள் எந்தக் குதிரையும் உள்ளே வரவோ வெளியே போகவோ கூடாது. கடற்கரைச் சவாரியும் அதில் அடங்கும்.