இலவசமாகக் கொடுத்த கட்டுரைக்கு உரிமையாளர் யார்?

கேள்வி: திருநெல்வேலியில் குழந்தை மருத்துவராக இருக்கிறேன். மருந்தும் குழந்தைகளுக்கான பொருள்களும் விற்கும் ஓர் இணையதளத்துக்கு இரண்டு ஆண்டுகளாகப் பணம் வாங்காமல் கட்டுரை எழுதித் தருகிறேன். நாற்பதுக்கு மேல் வந்துவிட்டன. ‘உங்கள் பெயரும் படமும் லட்சக்கணக்கான பெற்றோரைச் சென்றடையும்’ என்று சொல்லித்தான் கேட்டார்கள். இப்போது அவற்றை நூலாக்க விரும்புகிறேன். அதைச் சொன்னதும், ‘எல்லா உரிமைகளையும் உலகெங்கும் நிரந்தரமாக நிறுவனத்துக்கு அளிக்கிறேன்’ என்ற படிவத்தை அனுப்பிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா? இனியும் இலவசமாக எழுதலாமா?

பதில்: போடாதீர்கள். பதிப்புரிமை வழக்குகள் நடத்தும் என்னிடம் வருகிறவர்களில் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வருகிறார்கள். நீங்கள் முன்னதாகவே கேட்டிருக்கிறீர்கள். அதனால் உங்கள் கட்டுரைகள் இன்னும் உங்களிடம் இருக்கின்றன.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, எழுதியவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் எழுதினால் கதை வேறு. நீங்கள் அவர்களுடைய ஊழியர் அல்லர். அவர்கள் கேட்டு எழுதியது என்பதாலும் உரிமை அவர்களிடம் போய்விடாது. பணம் வாங்கவில்லை என்பதாலும் போகாது. உரிமையை மாற்றித் தர வேண்டுமானால் 19ஆம் பிரிவுப்படி எழுத்து வேண்டும், உங்கள் கையெழுத்து வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு, என்ன தொகை என்று அதில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே எழுத்தாளரின் பக்கம் நின்று எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு வந்த படிவத்தில் ‘நிரந்தரமாக’, ‘உலகெங்கும்’ என்ற இரண்டு சொற்களும் இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் பாதுகாப்பை நீக்கத் தெரிந்த ஒருவர் எழுதிய படிவம் அது.

ஒன்றை மட்டும் சரிபாருங்கள். அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்கியபோது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற பெட்டியில் குறியிட்டிருப்பீர்கள். அதில் உரிமம் கொடுத்திருக்கக்கூடும். உரிமம் என்பது வீட்டை வாடகைக்கு விடுவது போன்றது, வீடு உங்களுடையதுதான். தனியுரிமம் (உங்களையும் விலக்கி அவர்கள் மட்டுமே பயன்படுத்தும் உரிமம்) என்று அதில் இல்லாவிட்டால், உங்கள் நூலுக்கு அது தடையாகாது.

‘எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாலும் பெயர் இருக்குமே’ என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். உண்மைதான். உரிமையை முழுவதும் விற்ற பிறகும், எழுதியவர் நான்தான் என்று கோரவும், மதிப்பைக் கெடுக்கும்படி எழுத்தைச் சிதைத்தால் தடுக்கவும் 57ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் நூலாக்க அது உதவாது.

2001இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஜோனதன் டாசினி என்ற எழுத்தாளரும் உடனிருந்தவர்களும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழுக்கு எதிராக வென்றார்கள். அச்சுக்காகக் கொடுத்த கட்டுரைகளை மின்னணுத் தரவுத்தளங்களில் சேர்க்க அவர்கள் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அந்த உரிமை அவர்களிடமே இருந்தது. பத்து ஆண்டு கழித்து, 2011இல், ஹஃபிங்டன் போஸ்ட் என்ற செய்தித் தளத்தை ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. அதில் பணமின்றி எழுதி வந்தவர்கள் சார்பில் பங்கு கேட்டு அதே டாசினி வழக்குத் தொடுத்தார். 2012இல் தள்ளுபடியானது. பணம் கிடையாது, பெயர் வெளியே தெரியும், அவ்வளவுதான் என்று அறிந்தே எழுதினார்கள். விலை போன பிறகு பேரத்தை மாற்ற முடியாது என்பதுதான் நீதிமன்றத்தின் பார்வை. அமெரிக்கச் சட்டம் நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தொடக்கத்தில் பேசாததைப் பின்னால் நீதிமன்றத்தில் பேசிப் பெறுவது எவ்வளவு கடினம் என்று அந்த மனிதரின் இரண்டு வழக்குகளும் காட்டுகின்றன.

இனி, எனக்கு அதிகம் கவலை தரும் இடம். உங்களுக்குக் கூலியாகத் தரப்படுவது விளம்பரம். அதை வாங்கிக்கொள்ள உங்கள் தொழில் விதிகள் அனுமதிக்கவில்லை. 2002ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகளே இன்றும் நடைமுறையில் உள்ளன. 2023 ஆகஸ்டில் வந்த புதிய விதிகள் அதே மாதம் நிறுத்திவைக்கப்பட்டன. பொதுச் சுகாதாரம் பற்றி மருத்துவர் தன் பெயரில் எழுதலாம். நோயாளிகளை ஈர்க்கும் விளம்பரமாகிவிடும் கட்டுரை கூடாது என்கின்றன அவை. தடுப்பூசி பற்றி நீங்கள் நல்ல எண்ணத்தோடு எழுதிய கட்டுரையின் அடியில் உங்கள் மருத்துவமனை எண்ணையும் ‘முன்பதிவு செய்ய’ என்ற பொத்தானையும் அவர்கள் வைத்தால், புகார் வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். நிறுவனத்துக்கு அந்தக் கவலை கிடையாது. மருந்து, மருத்துவப் பொருள்களைப் பகிரங்கமாகப் பரிந்துரைப்பதையும் 2009இல் சேர்த்த விதி தடுக்கிறது. (வழக்கறிஞர்களுக்கும் இதே நிலைதான். விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்கும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது.)

நீங்கள் குழந்தை மருத்துவர் என்பதால் இன்னொன்றும் இருக்கிறது. தாய்ப்பாலுக்கு மாற்றான பால் மாவு, புட்டி, இரண்டு வயது வரையிலான குழந்தை உணவு ஆகியவற்றை விளம்பரப்படுத்துவதையே 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் தடை செய்கின்றன. இணை உணவு பற்றிய உங்கள் கட்டுரையின் பக்கத்தில் என்ன தெரிகிறது என்று இன்றே திறந்து பாருங்கள். புட்டியின் படத்துக்குப் பக்கத்தில் உங்கள் முகம் இருந்தால், பார்க்கிற தாய் அதை மருத்துவரின் சொல்லாகத்தான் எடுத்துக்கொள்வார்.

இலவசமாக எழுதலாமா என்ற கேள்விக்கு என் எண்ணம் இது. ஊர்ப் பள்ளி மலருக்கோ அரசு மருத்துவமனையின் கையேட்டுக்கோ தாராளமாக எழுதுங்கள். பொருள் விற்கிறவரிடம் கட்டணம் கேளுங்கள். உங்கள் எழுத்து சும்மா கிடைக்கும் வரை, எழுதிப் பிழைக்கும் மருத்துவச் செய்தியாளருக்கு அங்கே வேலை இருக்காது. கட்டணம் வாங்கினால் எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு வெளிப்படையாக வாங்குங்கள். எந்தப் பொருளின் பெயரும் கட்டுரையில் வரக்கூடாது.

மனம் கேட்காமல் இலவசமாகவே கொடுப்பதானால், அந்தப் படிவத்துக்குப் பதிலாக நீங்களே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ‘இந்தக் கட்டுரைகளின் பதிப்புரிமை என்னுடையது. உங்கள் தளத்தில் மட்டும், ஓராண்டுக்கு, மாற்றமின்றி வெளியிட அனுமதிக்கிறேன். இது தனியுரிமம் அன்று. பொருள் விளம்பரமோ என் மருத்துவமனை விவரமோ இவற்றுடன் வரக்கூடாது. வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கவோ செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்தவோ தனி அனுமதி பெற வேண்டும்.’ நாணயமான நிறுவனம் இதற்கு ஒப்புக்கொள்ளும். மறுத்தால், அவர்கள் உங்களிடமிருந்து எதை எதிர்பார்த்தார்கள் என்பது தெரிந்துவிடும்.

நூல் வேலையைத் தொடங்கலாம். அதற்கு முன், அனுப்பிய மின்னஞ்சல்களையும் மூலக் கோப்புகளையும் தேதியோடு தனியே சேமித்துவிடுங்கள். பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் வழக்கு என்று வந்தால் முதலில் எழுதியவர் நீங்கள் என்று காட்ட அந்தத் தேதிகள் வேண்டும். தளத்தார் திருத்திச் சேர்த்த வரிகள், வரைந்து போட்ட படங்கள் நூலில் வேண்டாம். அவை உங்களுடையவை அல்ல.