பிடோக் ஜெட்டியில் தலைகாட்டாத பிழைகள்

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் நாங்கள் நான்கு பேர் டிசம்பரில் தென் ஆஸ்திரேலியா போய், 30 கிலோமீட்டருக்கு மேல் ஒரு பலூனை அனுப்பப் போகிறோம். பெட்டியில் இருப்பவை: ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை, யூ-பிளாக்ஸ் ஜிபிஎஸ், தொலைதூரத்துக்குத் தகவல் அனுப்பும் 923 மெகாஹெர்ட்ஸ் லோரா ரேடியோ. நிறைய தூரம் எட்ட வேண்டும் என்று எஸ்எஃப் (எண் கூடினால் தூரம் கூடி வேகம் குறையும் லோரா அமைப்பு) 12 வைத்து, 60 எழுத்துள்ள வரியை வினாடிக்கு ஒரு தடவை அனுப்புகிறோம். சிங்கப்பூரின் பிடோக் ஜெட்டியில் சோதித்தபோது 1, 4, 7, 10 என்ற எண்ணுள்ள பாக்கெட்டுகள் (ஒரு தடவை அனுப்பும் வரி ஒரு பாக்கெட்) மட்டுமே வந்தன. ஆண்டெனாவை மாற்றவா, பவரைக் கூட்டவா?

பதில்: இரண்டும் வேண்டாம். அந்த எண்களைப் பாருங்கள். சிக்னல் பலவீனமாக இருந்தால் பாக்கெட்டுகள் தாறுமாறாகத் தொலையும், இப்படிக் கணக்காக மூன்றில் இரண்டு போகாது. 125 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் எஸ்எஃப் 12 வைத்து 60 பைட் அனுப்ப ஏறக்குறைய 2.6 வினாடி பிடிக்கும். நீங்களோ வினாடிக்கு ஒன்று கொடுக்கிறீர்கள். ரேடியோ வேலையாக இருக்கும்போது அதை இயக்கும் நிரல் நூலகம் (லைப்ரரி) அடுத்ததை வாங்க மறுத்துவிடுகிறது, அந்த மறுப்பை உங்கள் நிரல் கவனிக்கவில்லை. முதல் பாக்கெட் போய் முடிவதற்குள் இரண்டாவதும் மூன்றாவதும் வீணாகி, நான்காவதுதான் ஏறுகிறது.

வரியைச் சுருக்குங்கள். குழு எண்ணுக்கு 1 பைட், வரிசை எண்ணுக்கு 2, நேரத்துக்கு 3, அட்சரேகைக்கு 4, தீர்க்கரேகைக்கு 4, உயரத்துக்கு 2, செயற்கைக்கோள் எண்ணிக்கைக்கு 1, வெப்பநிலைக்கு 1, தகவல் சிதையாமல் வந்ததா என்று சரிபார்க்கும் சிஆர்சிக்கு 2. மொத்தம் 20 பைட். எஸ்எஃப் 9இல் இது 0.2 வினாடிக்குள் போய்விடும். எஸ்எஃப் 12ஐ விடப் பலவீனமான சிக்னலைப் பிடிக்கும் திறன் 7, 8 டெசிபெல் குறையும்தான். ஆனால் 30 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் பலூனுக்குத் தொடுவானமே 600 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, நடுவில் கட்டடமும் இல்லை மரமும் இல்லை. தரையில் ஒரே திசையில் கூர்ந்து கேட்கும் ஒரு யாகி ஆண்டெனா பிடித்தால் அந்தக் குறை சரியாகிவிடும். 5 வினாடிக்கு ஒன்று அனுப்பினால் போதும். வந்து சேர்ந்ததா என்று தரையிடம் பதில் கேட்டுக் காத்திருக்காதீர்கள். அத்தனை உயரத்தில் சுற்றுவட்டார ஊர்களின் ரேடியோ இரைச்சலெல்லாம் பலூனின் காதில் விழும், அதில் உங்கள் பதில் அமுங்கிப்போகும். ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அடுத்தது தன்னளவில் முழுமையாக இருந்தால் நஷ்டமில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குக் கவலை. சிங்கப்பூரில் சோதித்துச் சரியாக ஓடும் நிரலில் சில பிழைகள் தலைகாட்டவே காட்டா. இங்கே அட்சரேகை எப்போதும் 1.2க்கும் 1.5க்கும் நடுவில், கூட்டல் குறியோடுதான் இருக்கும். புள்ளிக்கு அடுத்து பூஜ்யம் வராது, கழித்தல் குறியும் வராது. அங்கே போனதும் −34.05 வரும். ஜிபிஎஸ் அதை −340500000 என்று முழு எண்ணாகத் தரும். பலர் அதை ஒரு கோடியால் வகுத்து, ஈவையும் மீதியையும் நடுவில் ஒரு புள்ளி வைத்து அச்சிடுகிறார்கள். கிடைப்பது ‘-34.-500000’. குறியை நீக்கிவிட்டாலும் முன்னால் வரவேண்டிய பூஜ்யம் விழுந்து −34.5 ஆகிவிடும். வரைபடத்தில் பலூன் 50 கிலோமீட்டர் தள்ளி நிற்கும், நீங்களும் அங்கே போய்த் தேடுவீர்கள். ஜிபிஎஸ் தந்த 4 பைட் முழு எண்ணை வகுக்காமல் அப்படியே அனுப்பினால் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. தரையில் வாங்குவது ஈஎஸ்பி32 என்ற வேறு வகைச் சில்லு என்றால், கட்டமைப்பை (எல்லா மதிப்புகளையும் சேர்த்து வைக்கும் ‘ஸ்ட்ரக்ட்’) மொத்தமாகத் தூக்கி அனுப்பாமல் பைட் பைட்டாக வரிசைப்படுத்துங்கள். ஈஎஸ்பி32 இடையில் காலி பைட்டுகளைச் செருகும், ஊனோ செருகாது.

உயரமும் அப்படித்தான். சிங்கப்பூரின் மிக உயரமான குன்றான புக்கிட் தீமாவின் உச்சியே 163 மீட்டர்தான். ஊனோவில் ‘இன்ட்’ என்ற சாதாரண முழு எண் வகை 32,767க்கு மேல் தாங்காது, 33,000 மீட்டரில் பலூன் −32,536 என்று காட்டும். குறியில்லாத எண்ணாக அறிவித்தால் 65,535 வரை இடம் உண்டு.

யூ-பிளாக்ஸ் ஜிபிஎஸ் வாங்கிய நிலையில் 12 கிலோமீட்டர் வரைதான் இடம் சொல்லும். அதை ‘ஏர்போர்ன்’ முறைக்கு மாற்றினால் 50 கிலோமீட்டர் வரை சொல்லும். என் முதல் பலூனில் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை அந்தக் கட்டளையை அனுப்பி, ஏற்றுக்கொண்டதா என்று பார்க்காமல் விட்டேன். நடுவழியில் மின்சாரம் ஒரு கணம் தடுமாறி ஜிபிஎஸ் பழைய முறைக்குத் திரும்பியது. 12 கிலோமீட்டருக்கு மேல் எங்களுக்கு வெறும் வரிசை எண்கள்தான் வந்தன. சில நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் கட்டளையை மறுபடி அனுப்பி, பதிலைச் சரிபாருங்கள்.

வரிசை எண்களாவது வந்ததற்குக் காரணம், என் நிரல் ஜிபிஎஸ்ஸுக்காகக் காத்து நிற்கவில்லை. உங்களுடையதும் நிற்கக் கூடாது. இடம் கிடைக்காவிட்டால் கடைசி இடத்தையே, செயற்கைக்கோள் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி அனுப்புங்கள். நிரல் உறைந்தால் ஊனோவை மறுபடி தொடங்க வைக்கும் வாட்ச்டாக்கை 8 வினாடிக்கு வையுங்கள், நிரல் எங்காவது சிக்கினாலும் தானாக மீண்டும் எழும். லோரா சில்லின் சிஆர்சி சில நூலகங்களில் தானாக இயங்காது, நீங்கள்தான் இயக்க வேண்டும். அது இருந்தாலும் உங்கள் 2 பைட் சிஆர்சி இருக்கட்டும்.

பலூன் அனுமதியை உள்ளூர்க் குழு மூலம் இப்போதே கேளுங்கள். அலைவரிசைக்குப் பிரச்சினை இல்லை: இங்கே 920 முதல் 925 மெகாஹெர்ட்ஸ், அங்கே 915 முதல் 928, இரண்டிலும் 923 அடங்கும். பவர் வரம்பை மட்டும் அந்தந்த நாட்டு விதியில் பாருங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலேயே ஒரு பயணத்தை நடத்துங்கள். ஜிபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு, மடிக்கணினியிலிருந்து −34.05இல் தொடங்கி 33,000 மீட்டர் ஏறி இறங்கும் பொய் இடங்களை ஊனோவுக்கு ஊட்டுங்கள். பிறகு ஜிபிஎஸ்ஸை மாட்டி, பெட்டியை உலர்பனியோடு (உறைந்த கரியமில வாயு) தெர்மாகோலில் மூடி மூன்று மணி நேரம் ஓட விடுங்கள். சன்னல்கள் திறந்திருக்கட்டும், உலர்பனியின் புகை மூச்சடைக்கும். வெறுங்கையால் அதைத் தொடாதீர்கள். அந்த மூன்று மணி நேரத்தில் எந்த வரிசை எண்கள் விடுபட்டன என்று எழுதி அனுப்புங்கள், அடுத்தது அதைப் பார்ப்போம்.