டவுமலோலோ டோங்காவுக்கு ஆடியது துரோகமா? ரக்பி லீக் கேள்வி பதில்

கேள்வி: ரக்பி வீரர் ஜேசன் டவுமலோலோ ஆடுவதும் ஒலிம்பிக்கில் வரும் ரக்பியும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. ரக்பியில் யூனியன், லீக் என்று இரண்டு வகை. ஒலிம்பிக்கில் வருவது யூனியனின் எழுவர் ஆட்டம். இவர் ஆடுவது லீக்: அணிக்கு 13 பேர், ட்ரைக்கு (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பதற்கு) 4 புள்ளி, ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் அப்புறம் எதுவும் புரியாது.

கேள்வி: இலங்கையின் கண்டி அணி ஆடுவது?

பதில்: யூனியன். அதைக் கண்டி நண்பர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: அவர் ஆட்டத்தில் அப்படி என்ன விசேஷம்?

பதில்: பந்தோடு ஓடிவருவார். மோதப்போகும் நொடியில் சட்டென்று ஒரு கால் மாற்றுவார். தடுக்க வந்தவரின் தோள் காற்றில் போகும். இரண்டு மூன்று பேர் தொங்கினாலும் இன்னும் சில அடி இழுத்துக்கொண்டு போவார். அதற்குள் எதிரணியின் தடுப்பு வரிசை கலைந்துவிடும். 2010-ல் 17 வயதில் ஆஸ்திரேலியாவின் நார்த் குவீன்ஸ்லாந்து கவ்பாய்ஸ் கிளப்பில் தொடங்கினார். 2015-ல் ஆஸ்திரேலிய லீக் பட்டம், 2016-ல் கூப்பர் குரோங் என்ற வீரருடன் சேர்ந்து, ஆண்டின் சிறந்த வீரருக்கான டாலி எம் விருது. 2017-ல் அதே கிளப்புடன் பத்தாண்டு ஒப்பந்தம், ஏறக்குறைய ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர்.

கேள்வி: ஆக்லாந்தில் பிறந்து நியூசிலாந்துக்கு ஆடியவர், 2017 உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது டோங்காவுக்குப் போனது துரோகம் இல்லையா?

பதில்: இல்லை. பெற்றோரின் மண் டோங்கா, விதியும் அனுமதித்தது. கடைசி நேரத்தில் சொன்னது சக வீரர்களை நோகடித்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளைவைப் பாருங்கள். ஹாமில்டனில் இடைவேளைக்கு 16-2 என்று பின்தங்கியிருந்த டோங்கா, 28-22 என்று நியூசிலாந்தையே வென்றது. டோங்காவின் டேவிட் ஃபுசிட்டுவாவுக்கு மூன்று ட்ரை. சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் தீவு நாடு அது!

கேள்வி (அதே நண்பர்): எல்லாரும் இப்படித் தாவினால் நாட்டு அணி என்பதற்கு என்ன அர்த்தம்?

பதில்: தாவல் முன்பும் இருந்தது, பெரிய அணிகளை நோக்கி. தீவுகளின் பிள்ளைகளை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் எடுத்துக்கொண்டபோது யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. எதிர்த்திசையில் ஒருவர் போனதும் ஏன் இந்தக் கோபம்? 2019-ல் டோங்கா ஒரே வார இடைவெளியில் பிரிட்டனை 14-6, ஆஸ்திரேலியாவை 16-12 என்று வென்றது. அதுவரை மூன்று நாடுகளே சுற்றிச்சுற்றி வென்ற விளையாட்டு இது. அதை உடைத்தது இந்த முடிவுதான்.

கேள்வி: பணத்துக்காகத்தானே போனார்?

பதில்: நியூசிலாந்து தருவதை டோங்காவால் தரவே முடியாது. பணத்தை விட்டுவிட்டுத்தான் போனார்.

கேள்வி: லீக், யூனியன் இரண்டும் ஒன்றா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அந்த 2017 உலகக் கோப்பை அரையிறுதியில் டோங்காவின் ஃபிஃபிட்டா போட்டது ட்ரையா?

பதில்: இங்கிலாந்து 20-0 என்று முன்னிலை. கடைசிச் சில நிமிடங்களில் டோங்காவுக்கு மூன்று ட்ரை, 20-18. ஆக்லாந்து அரங்கம் முழுக்க டோங்காவின் சிவப்பு. கோட்டருகே ஆண்ட்ரூ ஃபிஃபிட்டாவின் கையிலிருந்து பந்து நழுவியது. திரும்பப் பிடித்துத் தரையில் வைத்தார். பந்து முன்னால் நழுவியதாக, அதனால் ட்ரை இல்லை என்று நடுவர் தீர்ப்பளித்தார். வீடியோ நடுவரிடம் கேட்கவில்லை. தீர்ப்பு சரியோ தவறோ, ஒரு முறை கேட்டிருக்க வேண்டும்.