டிரிம்மர் இருக்கும்போது சலூனில் போய் ஏன் காத்துக் கிடக்க வேண்டும்?

அந்தக் காத்துக் கிடப்புக்காகத்தான் நான் போகிறேன். முடி வெட்ட இருபது நிமிஷம் போதும். அதற்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் சலூனே.

எனக்குத் திருநெல்வேலி மாவட்டம், வீரவநல்லூர்ப் பக்கம். நான் போகும் கடையில் இரண்டு நாற்காலி, ஒரு நீளப் பெஞ்சு, எதிரும் புதிருமாகக் கண்ணாடி. காலையில் வந்த தினத்தந்தி ஒன்பது மணிக்குள் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கு ஒன்றாகிவிடும். முதல் பக்கச் செய்தியின் தொடர்ச்சி உள்ளே எங்கோ இருக்கும், அந்தத் தாள் வேறு யார் மடியிலோ கிடக்கும். “அண்ணாச்சி, அத முடிச்சிட்டு இங்கிட்டுத் தாங்க” என்று கேட்டால் போதும், பேச்சு பிடித்துக்கொள்ளும்.

அப்படிப் பழக்கமானவர் ஒரு தறிக்காரர். எங்கள் பக்கத்துக் கைத்தறியான செடிபுட்டா சேலையில் பூ எப்படி விழுகிறது என்று, கையில் நூல்கூட இல்லாமல், விரலாலேயே ஓட்டிக் காட்டினார். பல வருஷம் பேசியும் அவர் வீடு எனக்குத் தெரியாது, என் வீடு அவருக்குத் தெரியாது. மகள் கல்யாணப் பத்திரிகையைச் சலூன்காரரிடம்தான் கொடுத்து வைத்திருந்தார். அதைப் பிரித்துப் படித்தபோதுதான் அவருடைய முழுப் பெயரே தெரிந்தது. கல்யாணத்துக்குப் போனால், பந்தியில் பாதிப் பேர் நம்ம பெஞ்சுக்காரர்கள்!

சலூன்காரர் இந்த நட்புக்கெல்லாம் தபாலாபீஸ் மாதிரி. கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்கு வருகிறவன் பெட்டியை வைத்ததும் தேடுவது ஒரு ஷேவிங்கைத்தான். அதனால் யார் வந்தார்கள், யார் என்றைக்குக் கிளம்புகிறார்கள் என்பது அவருக்கு முதலில் தெரிந்துவிடும். “ஒங்க கூட்டாளி நேத்து வந்துட்டுப் போனாரு அண்ணாச்சி. தலையில பாதிய துபாய்லயே விட்டுட்டு வந்திருக்காரு” என்பார். கூடப் படித்தவன் ஒருவனை நான் திரும்பப் பிடித்தது இப்படித்தான்.

ஆனால் இதில் வெறுமனே உருகவும் முடியாது. முந்தைய தலைமுறையில் சவரம் செய்கிறவர் வீடு தேடி வர வேண்டும். அதுவும் புறவாசலுக்கு. கூலி, அறுவடையின்போது நெல்லாக. கடை வந்த பிறகுதான் நாம் அவர் இடத்துக்குப் போய், அவர் சொல்லும் முறைக்குக் காத்திருக்கிறோம். நிலக்காரர் வீட்டுப் பேரனும் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். சலூனில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அதே சமயம், தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955-லேயே வந்தும், சாதி பார்த்து முடிவெட்ட மறுத்த கடைகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்திருக்கின்றன. பெஞ்சில் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று ரசிக்கும்போது, யார் இல்லை என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

1986 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்த தூத்துக்குடியில், பொன்.மாரியப்பன் தன் சலூனுக்குள்ளேயே ஒரு நூலகம் வைத்திருக்கிறார். புத்தகம் படிப்பவர்களுக்குக் கட்டணத்தில் தள்ளுபடி. 2020 அக்டோபரில் பிரதமர் தன் வானொலி உரையில் அவரோடு தமிழில் பேசியதைப் பலர் கேட்டிருப்பீர்கள். பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் கடையில் அப்படி வைத்தால் எல்லாரும் குனிந்து படித்துக்கொண்டிருப்பார்கள், தறிக்காரர் யாரிடம் பேசுவார்? இப்போதே செல்போன் அந்த வேலையைப் பாதி செய்துவிட்டது.

சரி, போவதென்றால் எப்போது போகலாம்? செவ்வாய்க்கிழமை கடை லீவு. ஞாயிறு காலை கூட்டம் அதிகம், சலூன்காரருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. புதன், வியாழன் காலை பத்து மணிவாக்கில் போங்கள். கார்த்திகையில் பாதி ஊர் சபரிமலைக்கு மாலை போட்டுத் தாடியோடு திரியும், கடை காற்றாடும். அப்போது பெஞ்சில் துணைக்கு ஆள் குறைவு, ஆனால் சலூன்காரர் கத்திரியை வைத்துவிட்டு உட்கார்ந்தே கதை சொல்லுவார்.